தேதியில்லாத வினை

ஆங்கிலத்தில் 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்' என்று ஒரு காலம் உண்டு. 'ஐ லாஸ்ட் மை கீ' என்றால் சாவியைத் தொலைத்தேன். அவ்வளவுதான். பிறகு அது கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். 'ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ' என்றால் சாவி இன்னும் கையில் இல்லை, நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று அர்த்தம். நடந்த சம்பவம் இரண்டிலும் ஒன்றுதான். முதல் வாக்கியம் அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. இரண்டாவது அதைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கு வந்து நிற்கிறது.

தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, எஸ்.பி.எம்., முவெட் என்று ஏறி வந்த நம்மில் பலருக்கு இந்தக் காலம் ஒரு மனப்பாட விதியாகத்தான் அறிமுகம். 'சின்ஸ்', 'யெட்', 'ஆல்ரெடி' என்ற சொற்களைப் பார்த்தால் 'ஹேவ்' போடு. 'யெஸ்டர்டே'யைப் பார்த்தால் போடாதே. பரீட்சைக்கு இது போதும். எனக்கும் போதுமாக இருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்து தினமும் அறிக்கை எழுதத் தொடங்கிய பிறகு, இந்த விதிக்குப் பின்னால் இலக்கணத்தைத் தாண்டி ஒரு கேள்வி இருப்பதாகத் தோன்றியது. செய்த ஒரு செயல் எப்போது பழசாகிறது? அது பழசாகிவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு?

தமிழில் 'வினை' என்றால் வாக்கியத்தில் வரும் வினைச்சொல். 'வினை' என்றால் நாம் செய்து, பிறகு நம்மைத் தேடி வருவதும்தான். ஆகவே இலக்கணத்தில் இருந்து அறத்துக்குத் தாவுவது ரொம்பத் தூரத் தாவல் இல்லை என்று நினைக்கிறேன்.

ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற தத்துவவாதி 1947இல் வெளிவந்த தன் தர்க்கவியல் நூலில் வினைச்சொல்லின் காலத்தை மூன்று புள்ளிகளால் விளக்கினார். ஒன்று, சம்பவம் நடந்த புள்ளி. இரண்டு, நாம் பேசும் புள்ளி. மூன்றாவது, எங்கே நின்றுகொண்டு அந்தச் சம்பவத்தைப் பார்க்கிறோம் என்ற புள்ளி. சாதாரண இறந்தகாலத்தில் நாம் பேசுவது இங்கிருந்து, ஆனால் பார்ப்பது அங்கே போய் நின்று. பிரசென்ட் பெர்ஃபெக்ட்டில் சம்பவம் அங்கேயே இருக்கிறது. பார்க்கிற ஆள் இங்கேயே நிற்கிறான். மூன்று புள்ளிகளை ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால் எந்த எஞ்சினியருக்கும் இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. பெர்ஃபெக்ட்டுக்கு நடந்த தேதி ஒத்துவராது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' என்று ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது. நேற்று என்று சொன்ன உடனே பார்வை நேற்றுக்குப் போய்விடுகிறது. தேதி வந்தால் 'ஹேவ்' போகணும். தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுவதற்குக் காரணம் மந்தம் இல்லை. நம் மொழி இதை அனுமதிக்கிறது. 'நேத்து ராத்திரி மழ பெஞ்சிருக்கு' என்று முற்றத்து ஈரத்தைப் பார்த்துச் சொல்கிறோம். நேற்று என்ற சொல்லும் இருக்கிறது, 'இருக்கு'வும் இருக்கிறது. தமிழுக்கு அதில் சண்டை இல்லை.

காலத்தோடு தமிழ் எப்போதுமே கொஞ்சம் தாராளமாகத்தான் நடந்துகொள்கிறது. வீட்டில் இன்னும் சட்டையே மாட்டாதவன் போனில் 'இதோ வந்துட்டேன்டா' என்கிறான். விரைவைச் சொல்வதற்காக, வரப்போவதை இறந்தகாலத்தில் சொல்லலாம் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. ஆக, மாமாக் கடையில் காத்திருக்கும் நண்பன் கோபப்பட்டால் தொல்காப்பியரைச் சாட்சிக்கு அழைக்கலாம்.

இன்னொரு வித்தியாசமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆங்கில 'ஹேவ்' என்பது உடைமைச் சொல். பழைய ஆங்கிலத்தில் 'நான் அவனைக் கட்டப்பட்டவனாக வைத்திருக்கிறேன்' என்ற மாதிரியான அமைப்பிலிருந்துதான் இந்தக் காலம் வளர்ந்தது. செய்து முடித்ததை நான் வைத்திருக்கிறேன் என்பது அதன் வேர். தமிழில் நாம் 'செய்திருக்கிறேன்' என்கிறோம். செய்து, இருக்கிறேன். இங்கே செயல் என் கையில் உள்ள பொருள் இல்லை. அதைச் செய்துவிட்டு இருக்கும் ஆள் நான். இந்த இரண்டு மொழிக்காரர்களும் வேறு வேறு விதமாகத்தான் யோசிப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பேசும்போது யாரும் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் இவை இரண்டு நல்ல படங்கள். என் செயல் நான் வைத்திருக்கும் பொருளா, கீழே வைத்துவிட்டு நடக்கக்கூடியதா? அல்லது நான் இருக்கும் விதமே அதுவா?

இதை வெறும் யோசனையாக இல்லாமல் எனக்குக் காட்டியவன் என் பள்ளி நண்பன். பத்தொன்பது வயதில் அவன் ஒரு கைகலப்பில் மாட்டிக்கொண்டான். அடித்தது அவன்தான், அதில் சந்தேகம் இல்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அதற்குப் பிறகு தொழில்திறன் சான்றிதழ் எடுத்தான், கல்யாணம் செய்தான். இப்போது குளிரூட்டிச் சாதனம் பழுது பார்ப்பதில் அவன் பெரிய கைக்காரன். சில மாதங்களுக்கு முன் ஒரு வேலைக்கு மனு போட்டபோது பாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மச்சான், இந்த 'ஹேவ் யூ எவர் பீன் கன்விக்டட்'னு கேக்குறானே, எப்பலேர்ந்து கேக்குறான்?"

"பொறந்ததுலேர்ந்து."

"எதுவரைக்கும்?"

"இப்ப வரைக்கும்டா. நீ இந்தப் பேனாவ எடுக்குற வரைக்கும்."

கொஞ்ச நேரம் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 'ஆம்' என்ற கட்டத்தில் கோடு போட்டான். அந்த வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. காரணம் அந்தக் கோடுதானா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

இந்தக் கதையில் இன்னொருவனும் இருக்கிறான். அன்று அடி வாங்கியவன். அவனும் எங்கள் வட்டாரம்தான். அவனுக்கு இடது காது இன்றும் சரியாகக் கேட்பதில்லை. பேசும்போது தலையைக் கொஞ்சம் திருப்பி வலது காதைக் கொடுப்பான். 'அதெல்லாம் பத்து வருஷத்துக்கு முந்தின கதை' என்று அவனிடம் யாரும் சொல்ல முடியாது. அவன் காதில் அது இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் 'பழசை மறப்போம்' என்ற வாக்கியமும் நிற்காது, 'செய்தவன் செய்தவன்தான்' என்ற வாக்கியமும் நிற்காது.

இங்கே இலக்கணம் கொஞ்சம் கைகொடுக்கிறது. மொழியியலாளர்கள் பெர்ஃபெக்ட்டின் பயன்பாட்டைச் சில வகைகளாகப் பிரிப்பார்கள். அதில் இரண்டு நமக்குப் போதும். ஒன்று விளைவைச் சொல்வது. 'சாவியைத் தொலைத்திருக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. சாவி கிடைத்த நிமிடம் அது செத்துவிடும். மற்றது அனுபவத்தைச் சொல்வது. 'நான் பினாங்குக்குப் போயிருக்கிறேன்' என்பதற்குக் காலாவதியே கிடையாது. ஒருமுறை போனால் போதும், சாகும்வரை அது உண்மை. மலாய்க்காரர்கள் இதற்கென்றே 'பெர்னா' என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். வாழ்க்கை முழுவதையும் ஒரே நீளக் கோடாக எடுத்துக்கொண்டு, அதில் எங்கேயாவது ஒரு புள்ளி இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் சொல்.

பாரத்தில் உள்ள 'ஹேவ் யூ எவர்' இந்த இரண்டாவது வகை. புள்ளி இருக்கிறதா என்று கேட்கும். அந்தப் புள்ளியால் இன்றைக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்காது. என் கருத்தில் ஒரு மனிதனிடம் அவனுடைய குற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி முதல் வகையைச் சேர்ந்தது. நீ உடைத்தது இன்னும் உடைந்து கிடக்கிறதா? அதை ஒட்ட என்ன செய்தாய்? இந்தக் கேள்விக்குப் பதில் மாற முடியும். 'ஹேவ் யூ எவர்'க்குப் பதில் மாறவே முடியாது. பதில் மாற வாய்ப்பே இல்லாத கேள்வி, திருந்துவதில் உனக்கு ஒரு லாபமும் இல்லை என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு பாகமோ ஒரு வேலையோ தரத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் ஓர் அறிக்கை திறப்போம். என்.சி.ஆர். என்போம். அது திறந்திருக்கும் வரை வாக்கியங்கள் பெர்ஃபெக்ட்டில்தான் வரும்: பம்ப் பழுதாகியிருக்கிறது, எண்ணெய் கசிந்திருக்கிறது. பத்து மாதம் ஆனாலும் அது தானாக மூடாது. காலம் எந்த என்.சி.ஆரையும் மூடுவதில்லை. முதலில் சேதம் பரவாமல் நிறுத்தணும், பிறகு காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி பண்ணணும், கடைசியில் சரியானதை ஒருவர் சோதித்துப் பார்க்கணும். அந்தச் சோதனையில் கையெழுத்துப் போடுபவர் வேலையைச் செய்தவராக இருக்கக் கூடாது. இதுதான் அடிப்படை. நானே கெடுத்து, நானே சரி பண்ணி, சரியாகிவிட்டது என்று நானே எழுத முடியாது.

மூடிய பிறகு என்ன நடக்கிறது என்பது இன்னும் முக்கியம். அறிக்கையைக் கிழித்துப் போடுவதில்லை. கோப்பில் இருக்கும். ஆனால் வாக்கியம் மாறிவிடுகிறது. 'பம்ப் பழுதாகியிருக்கிறது' என்பது 'மார்ச் 3இல் பம்ப் பழுதானது' ஆகிறது. தேதி உள்ளே வருகிறது, 'ஹேவ்' வெளியே போகிறது.

மறப்பதற்கும் முடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. மறப்பது என்றால் வாக்கியத்தையே அழிப்பது. முடிப்பது என்றால் அதற்குத் தேதி போடுவது. நடந்தது நடந்ததாகவே இருக்கிறது. அன்றைக்கு நடந்ததாக இருக்கிறது.

சில நாடுகளின் சட்டம் இதைச் செய்ய முயன்றிருக்கிறது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குறிப்பிட்ட காலம் கழிந்தால் பல தண்டனைகளைத் தீர்ந்துபோனவையாகக் கருதச் சொல்கிறது. சிங்கப்பூரிலும் சிறிய தண்டனை பெற்ற ஒருவர் ஐந்து ஆண்டுகள் வேறு குற்றம் இல்லாமல் இருந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தனக்குக் குற்றப் பதிவு இல்லை என்று சட்டப்படியே சொல்லலாம். இலக்கணமாகப் பார்த்தால் இது விசித்திரமான சட்டம். நடந்த ஒன்றுக்கு 'ஹேவ் யூ எவர்' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்ல அனுமதி. கேள்வி தவறான காலத்தில் கேட்கப்படுவதால், பதிலையாவது சரியான காலத்துக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே நீங்கள் கேட்கலாம்: அப்படியானால் அந்தக் காது? அதை யார் சரி பண்ணுவது? எந்தச் சட்டம் ஐந்து வருஷத்தில் அதைக் கேட்க வைக்கும்?

வைக்காது. சரி பண்ண முடியாத விளைவுகள் உண்டு. அங்கே என் என்.சி.ஆர். உதாரணம் உடைந்துவிடுகிறது, பம்ப்பை மாற்றலாம், காதை மாற்ற முடியாது. இந்த இடத்தில் எனக்கு உதவியது வேறு ஒரு விஷயம். வினைச்சொல்லுக்குக் காலம் மட்டும் இல்லை, இடமும் உண்டு. தன்மை, முன்னிலை, படர்க்கை. ஒரே செயலை எல்லோரும் ஒரே காலத்தில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உலகம் என் நண்பனைப் பற்றிப் பேசும்போது 'அன்று அடித்தான்' என்று சொல்லணும். அபராதம் கட்டியாகிவிட்டது, பத்து வருஷம் ஒழுங்காக வாழ்ந்தாகிவிட்டது. உலகத்துக்கு அது தேதி போட்ட சம்பவம். ஆனால் அவன் தன்னைப் பற்றிப் பேசும்போது 'அடிச்சிருக்கேன்' என்றுதான் சொல்லணும். அந்தக் காது கேட்காதவரை அவனுக்கு அது பெர்ஃபெக்ட். அடிபட்டவன் எந்தக் காலத்தில் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்க நம் யாருக்கும் வேலை இல்லை, அது அவன் விருப்பம்.

நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. அடுத்தவனைப் பற்றி நாம் பெர்ஃபெக்ட்டில் பேசுகிறோம்: அவன் ஜெயிலுக்குப் போயிருக்கான், அவள் ஒருதடவ ஓடிப்போயிருக்கா. நம்மைப் பற்றி இறந்தகாலத்தில் பேசுகிறோம்: அப்ப சின்ன வயசு, ஏதோ நடந்துச்சு. ஆளுக்கு ஆள் காலத்தை இப்படி மாற்றிக்கொள்வதில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள். எந்த டியூஷனும் தேவைப்படவில்லை.

என் நண்பன் இப்போதும் தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போகிறான். இவன் போய் அவனுடைய வலது பக்கமாகப் பார்த்து உட்கார்வான். மன்னிப்புப் பற்றி இரண்டு பேரும் பேசியதாக எனக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெர்ஃபெக்ட்டுக்கு இன்னொரு விதியும் உண்டு. இறந்தவர்களுக்கு அது சரிவராது. 1955இல் இறந்துபோன ஐன்ஸ்டைனை வைத்து 'ஐன்ஸ்டைன் ஹேஸ் லிவ்ட் இன் பிரின்ஸ்டன்' என்று சொன்னால் ஆங்கிலக் காதுக்கு இடிக்கும். 'லிவ்ட்' என்றுதான் சொல்லணும். 'ஹேஸ்' போட ஆள் இங்கே இருக்க வேண்டும். ஒருவர் இறந்ததும் அவர் செய்தவை எல்லாம் ஒரே நாளில் இறந்தகாலத்துக்குப் போய்விடுகின்றன.

அப்படியானால் இறந்தாரா என்றே தெரியாதவர்கள்?

சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் கொண்டுபோன தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. பலருக்குக் கல்லறை இல்லை, பதிவு இல்லை, இறந்த நாள் இல்லை. என் பாட்டியின் அப்பா அவர்களில் ஒருவர். பாட்டிக்கு அப்போது இரண்டு வயது. 'எங்கப்பா சயாமுக்குப் போயிருக்காரு' என்று சொல்லித்தான் அவர் வளர்ந்தார். ஆங்கிலத்தில் இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'ஹேஸ் பீன்' என்றால் போய்விட்டு வந்துவிட்டார். 'ஹேஸ் கான்' என்றால் போனவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'போயிருக்காரு'தான். ஒரு சின்னப் பிள்ளைக்கு அந்த மயக்கம் எவ்வளவு காலம் போதுமாக இருந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

பாட்டியின் அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. மகன் திவசம் கொடுக்கலாமா என்று கேட்டபோது, "இன்னும் வராதவருக்கு எப்படிடா குடுப்ப?" என்றாராம். மலாயில் 'பெலும்' என்று ஒரு சொல் இருக்கிறது. கல்யாணம் ஆச்சா என்று கேட்டால் 'திடாக்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'பெலும்' என்பார்கள். இல்லை என்று கதவைச் சாத்தாமல், இதுவரை இல்லை என்று திறந்து வைக்கும் சொல். அதுதான் நம் 'இன்னும்'. அந்த அம்மா நாற்பது வருஷம் இந்த ஒரு சொல்லுக்குள் வாழ்ந்தார். அது நம்பிக்கையா, தண்டனையா என்று வெளியிலிருந்து சொல்வது கஷ்டம். முடியாத இறந்தகாலம் இரண்டையும் ஒன்றாகத்தான் கொடுக்கும் போலிருக்கிறது.

அவர் இறந்த பிறகு மகன் ஆடி அமாவாசையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தொடங்கினார். இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் கொடுக்கலாம் என்பது வழக்கம். சின்ன வயதில் இதை ஒரு சடங்கு என்று மட்டும் பார்த்தேன். இப்போது யோசித்தால், தேதி இல்லாமல் தவிக்கும் ஒரு வினைக்கு ஊர் கூடி ஒரு தேதியைக் கடன் கொடுத்த மாதிரி இருக்கிறது. அது உண்மையான தேதி இல்லை என்று கொடுப்பவருக்கும் தெரியும். இருந்தும் அதை வைத்துத்தான் 'போயிருக்காரு' என்ற வாக்கியத்தை 'போனாரு' என்று மாற்ற முடிந்தது.

அதிலும் ஒன்றைக் கவனித்தேன். மனைவி உயிரோடு இருந்தவரை மகன் அந்தத் தேதியைப் போடவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த உண்மைதான். பக்கத்து லயத்தில் எத்தனையோ பேர் செய்துவிட்டார்கள். ஆனாலும் அந்த வினையை மூடும் கையெழுத்து அந்த அம்மாவுடையது, அவர் போடாதவரை மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

பாட்டிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அப்பாவைப் பற்றிக் கேட்டால் 'சயாமுக்குப் போனாரு, அங்கயே இறந்துட்டாரு' என்று தெளிவாகச் சொல்வார். அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் வாக்கியம் வேறு மாதிரி வரும்: "எங்கம்மா நெறய பாத்திருக்காங்க."